வெளிநாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை தேர்வாகிவிட்டதா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஐரோப்பாவில் நடந்த ஒரு வளர்ச்சி ஆய்வு (டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) மாநாட்டுக்கு என் கட்டுரை தேர்வானது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது மாநாடே முடிந்துவிட்டது. பதிவுக் கட்டணம், டிக்கெட்டை ரத்து செய்ததில் போனது, விசா செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ₹80,000 காலி. ஜூனியர் ஃபெல்லோஷிப் மாதம் ₹37,000 என்கிற நிலையில் இது எவ்வளவு பெரிய அடி என்று பிஎச்.டி. ஸ்காலர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கைடு வெளிநாடு போனதில்லை, துறையில் வேறு யாரும் போனதில்லை, கேட்க ஆளில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. பணம் கட்டினால்தான் அழைப்புக் கடிதம் என்றார்கள் மாநாட்டுக்காரர்கள். கடிதம் இல்லாமல் விசா மையத்துக்குப் போய்ப் பயனில்லை. கடிதம் வந்து சேர்ந்தபோது விசா மையத்தில் ஸ்லாட் இல்லை. அவரவர் விதிப்படிதான் நடந்தார்கள், நஷ்டம் மட்டும் நம் தலையில். இந்தச் சங்கிலியை எங்கே உடைக்கலாம் என்று பிறகு கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த மாநாடு என்பதைப் பார்ப்போம். வளர்ச்சி ஆய்வுத் துறையில் நிலைத்த பெயருள்ள மாநாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். பிரிட்டனின் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் அசோசியேஷன் 1978 முதல் இயங்குகிறது. அதன் ஆண்டு மாநாடு பெரும்பாலும் ஜூன், ஜூலை வாக்கில் வரும். ஐரோப்பிய அளவில், ஜெர்மனியின் பான் நகரில் செயலகம் வைத்திருக்கும் ஈ.ஏ.டி.ஐ. என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனங்களின் சங்கம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொது மாநாடு நடத்துகிறது. 2023இல் லிஸ்பனில் நடந்தது. ஹெல்சின்கியில் இருக்கும் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனம் பொருளியல் பக்கம் சாய்ந்தது. வருமானத்தை மட்டும் பார்க்காமல் மனிதர்களால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கும் அமர்த்தியா சென்னின் திறன் அணுகுமுறையில் வேலை செய்பவர்களுக்கு எச்.டி.சி.ஏ. என்ற சங்கம் இருக்கிறது, 2004இல் தொடங்கியது. எங்கே விண்ணப்பிப்பது என்பதைக் கட்டுரையின் தன்மையை வைத்து முடிவு செய்யுங்கள். களப்பணி, நேர்காணல், கிராம ஆய்வு என்றால் வளர்ச்சி ஆய்வு மாநாடுகள். அங்கே 250 சொல் அளவில் ஒரு சுருக்கம் போதும். ரிக்ரெஷன் போன்ற புள்ளியியல் அட்டவணைகளோடு வருகிற கட்டுரை என்றால் பொருளியல் மாநாடுகள். அவற்றில் பல இடங்களில் விண்ணப்பிக்கும்போதே முழுக் கட்டுரையையோ நீண்ட சுருக்கத்தையோ கேட்பார்கள். பொதுவாக அனுப்பாமல், பேனல் (ஒரே தலைப்பில் சில கட்டுரைகள் வாசிக்கும் அமர்வு) பட்டியலைப் படித்து, அதன் ஒருங்கிணைப்பாளரின் சொந்த ஆய்வோடு நம் தலைப்பு எங்கே தொடுகிறது என்று பார்த்து அனுப்பினால் தேர்வாகும் வாய்ப்பு கூடும். ஏனென்றால் முதல் சல்லடை அவர் கையில்தான் இருக்கிறது. சுருக்கத்தில் "ஆராயப்படும்", "விவாதிக்கப்படும்" என்று எதிர்காலத்தில் எழுதி அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். எத்தனை வீடு, எந்த மாவட்டம், எந்த ஆண்டு, என்ன கண்டோம் என்று நான்கு வரியில் சொல்லிவிடுங்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மின்னஞ்சலுக்கு அதிகம் வருவது அவைதான். அனுப்பிய இரண்டாம் நாளே "நடுவர்கள் பாராட்டினார்கள்" என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். வேளாண்மை, மயக்கவியல், கிராமப்புற வளர்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டலில் ஒரே தேதியில் மாநாடு என்றால் சந்தேகமே வேண்டாம். கடந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறதா, அதில் பேசிய இரண்டு பேருக்கு மெயில் போட்டால் பதில் வருகிறதா என்று பார்ப்பதே சிறந்த சோதனை. 'திங்க், செக், அட்டெண்ட்' என்று ஒரு தளம் இருக்கிறது. அதிலுள்ள கேள்விகளை ஓட்டிப் பார்க்கலாம். இன்னொரு வகை நேரடி மோசடி. "ஐ.நா. ஆதரவில் நியூயார்க்கிலும் டாக்காரிலும் மாநாடு, விமான டிக்கெட் இலவசம், ஓட்டல் முன்பணம் மட்டும் நீங்கள் கட்டுங்கள்" என்று வரும். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்களைக் குறிவைத்து அனுப்புகிறார்கள். தன் பெயரில் வரும் இத்தகைய மெயில்களைப் பற்றி ஐ.நா.வே எச்சரித்திருக்கிறது. டிக்கெட்டுக்குப் பணம் வைத்திருப்பவர்களுக்கு ஓட்டல் முன்பணத்துக்கு மட்டும் பஞ்சமா?

மாநாட்டைவிடப் பயிலரங்குகளைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். நம்மவர்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. பெரிய மாநாட்டில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள், உங்களுக்கு 15 நிமிடம், அறையில் பத்துப் பேர், அதில் நான்கு பேர் அதே பேனலில் பேசப் போகிறவர்கள். பயிலரங்கில் மொத்தமே இருபது பேர் இருப்பார்கள். முழுக் கட்டுரையை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும், ஒவ்வொரு கட்டுரைக்கும் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை பேச்சு நடக்கும். பல இடங்களில் உங்கள் கட்டுரையை வேறொருவர் எடுத்துச் சொல்லிக் கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் முறை கை நடுங்கும். ஆனால் முடிவில் அது ஒரு ஆய்விதழின் சிறப்பிதழாகவோ தொகுப்பு நூலாகவோ போகும். மேலும் பயிலரங்குகளில் பெரும்பாலும் அழைப்பவரே பயணச் செலவை ஏற்பார். மாநாட்டில் நாம்தான் கட்ட வேண்டும். பதிவுக் கட்டணத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. பல சங்கங்கள் உலக வங்கியின் வருமான வகைப்பாட்டை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. இந்தியா 'கீழ் நடுத்தர வருமான' நாடு என்ற வகையில் வரும். ஸ்காலர் கட்டணத்தையும் நாட்டுக் கட்டணத்தையும் ஒப்பிட்டுக் குறைந்ததைக் கட்டுங்கள். வைடர் போன்ற சில இடங்களில் பயண உதவியும் உண்டு, ஆனால் அதற்கான பெட்டியை விண்ணப்பத்தின்போதே டிக் செய்ய வேண்டும். தேர்வான பிறகு கேட்டால் பட்ஜெட் முடிந்துவிட்டது என்பார்கள்.

இனி அந்தச் சங்கிலி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். சென்னையில் கொடுத்தாலும் பல நாடுகளுக்குக் கோப்பு டெல்லிக்கோ மும்பைக்கோ போய்த்தான் திரும்பும். ஏப்ரல் முதல் ஜூலை வரை சுற்றுலாக் கூட்டம் வேறு. ஸ்லாட் கிடைப்பதே பெரும்பாடு. மாநாடு ஜூலையில் என்றால் கட்டுரை தேர்வான செய்தியே மார்ச் வாக்கில்தான் வரும். ஆக நமக்குக் கிடைக்கிற இடைவெளி குறுகியது. தேர்வுச் செய்தி வந்த அன்றே மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, பணம் கட்டும் முன்பே விசாவுக்கான அழைப்புக் கடிதம் தர முடியுமா என்று மெயில் போடுங்கள். "விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?" என்பதையும் அதே மெயிலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் பார்க்கலாம் என்பார்கள். எழுத்தில் கேட்டால்தான் விதி வெளியே வரும். இரண்டு, கடிதம் வரும்வரை காத்திருக்காமல் விசா மையத்தில் ஸ்லாட்டைப் பிடித்து வையுங்கள். தேதியை மாற்றுவது எளிது, புதிதாகப் பிடிப்பதுதான் கடினம். மூன்று, பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஷெங்கன் நாட்டிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும், வழங்கிப் பத்தாண்டு ஆகியிருக்கக் கூடாது.

அழைப்புக் கடிதத்தில் பெயர் என்பது தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி. சான்றிதழில் "மா. செந்தில்குமார்". பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, மாரிமுத்து குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. கட்டுரையை "செந்தில்குமார் எம்." என்று அனுப்பியிருப்போம், மாநாட்டுக்காரர் அதைப் பார்த்து "டாக்டர் எம்" என்று கடிதம் அடித்து அனுப்புவார். விசா அதிகாரிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். முதல் பதிவின்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிடுங்கள். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்று பல்கலைக்கழகப் பதிவாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். (இப்படிச் செய்தால் மாநாட்டில் எல்லோரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பழகிவிடும்.) கடிதத்தில் இருக்க வேண்டியவை: லெட்டர்ஹெட், கையெழுத்துப் போட்டவரின் பதவியும் தொலைபேசியும், உங்கள் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டுத் தேதியும் இடமும், டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு ஒவ்வொன்றையும் யார் ஏற்கிறார்கள் என்ற தெளிவான வரி. இந்தக் கடைசி வரி இல்லாத கடிதங்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகின்றன. அவர்களுக்கு எழுத நேரமில்லை என்றால் வரைவை நீங்களே தயாரித்து அனுப்புங்கள், லெட்டர்ஹெட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள்.

விசா கோப்பில் அதிகாரி தேடுவது ஒன்றுதான்: இந்த ஆள் திரும்பி வருவாரா? ஷெங்கன் மறுப்புப் படிவத்தில் வழக்கமாக டிக் ஆகிற காரணங்கள், பயண நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் திரும்பும் எண்ணத்தில் ஐயம் என்பதும்தான். திருமணமாகாத, சொத்தில்லாத, முதல் முறை வெளிநாடு போகிற இருபத்தெட்டு வயது ஸ்காலருக்கு இதை எப்படிக் காட்டுவது? பல்கலைக்கழகம் தரும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில் (என்.ஓ.சி.), எந்தத் தேதியில் திரும்பிச் சேர வேண்டும், பிஎச்.டி. எப்போது முடியும் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஃபெல்லோஷிப் ஆணையின் நகல், அது வரவாகிற வங்கிக் கணக்கின் மூன்று முதல் ஆறு மாத ஸ்டேட்மென்ட், கிடைத்தால் வருமான வரி ரிட்டர்ன், இவை போதும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் வாங்கி இரண்டு லட்சம் போட்டு வைக்கிற வேலை வேண்டாம். திடீரென்று வந்த தொகையைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். மாமா உதவுகிறார் என்றால் அவருடைய கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், உறவைக் காட்டும் சான்று என்று நேரடியாகவே வையுங்கள். பட்டா, குடும்ப அட்டை போன்ற தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், பயண நாள் அத்தனைக்கும் இருக்க வேண்டும்.

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் (விசா கோட்) 16ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அறிவியல் கருத்தரங்கு, மாநாட்டில் பங்கேற்கப் போகும் ஆய்வாளர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்தப் பிரிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, என்.ஓ.சி.யில் 'ஆய்வாளர்' என்ற சொல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு போங்கள். விசா மையத்தின் சேவைக் கட்டணத்தை எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும். பிரிட்டனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஷெங்கனிலும் இல்லை. அங்கே ஸ்டாண்டர்டு விசிட்டர் விசாவிலேயே மாநாட்டுக்குப் போகலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்ட் ஆனது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், முடிவுக்குச் சாதாரணமாக மூன்று வாரம். விரைவுச் சேவை என்று 500 பவுண்ட் வாங்குகிறார்கள், அதுவும் முடிவை விரைவாகச் சொல்லத்தான். சாதகமாகச் சொல்ல அல்ல. மறுத்துவிட்டால் அப்பீல் கிடையாது, புதிதாகப் பணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம்.

பணத்தை விடும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. விசா விண்ணப்பத்துக்கு டிக்கெட் முன்பதிவு விவரம் காட்டினால் போதும். பணம் கட்டிய டிக்கெட் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிராவல் ஏஜென்ட்டிடம் சொன்னால் சில நாள் நிற்கிற முன்பதிவு போட்டுத் தருவார். ஓட்டலும் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு மட்டும். பதிவுக் கட்டணத்தை, முன்கூட்டிக் கட்டுபவர்களுக்கான சலுகைக் காலத்தின் கடைசி நாளில் கட்டலாம், அதற்குள் மறுப்பு வந்தால் மிச்சம். டிக்கெட் விலை ஏறிவிடுமே என்ற பயம் நியாயம்தான். பத்தாயிரம் ஏறினாலும், அறுபதாயிரத்தை மொத்தமாக விடுவதைவிடத் தேவலை. கார்டில் கட்டுவதானால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்குங்கள். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடியே இருக்கும். நாணய மாற்றுக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை போகும், அதன்மேல் ஜி.எஸ்.டி.

உள்நாட்டு உதவியை நம்புகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) பயண உதவி தருகிறது. ஆனால் மத்திய அரசுப் பணத்தில் விமான டிக்கெட் என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. மூன்றில் ஒன்றில்தான் வாங்க வேண்டும் என்று 2022 உத்தரவு இருக்கிறது. மலிவாகக் கிடைத்ததே என்று வேறு தளத்தில் வாங்கியவர்களின் பில் தணிக்கையில் நின்றுவிடுகிறது. அடுத்தது, அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு. டிக்கெட், தங்குமிடம் போன்ற செலவை வெளிநாட்டு அமைப்பு ஏற்றால் அது 'வெளிநாட்டு விருந்தோம்பல்' ஆகிவிடும். வெளிநாட்டுப் பங்களிப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. எஃப்.சி.-2 படிவத்தை ஆன்லைனில், புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு கொடுக்க வேண்டும். துறை அனுமதி வந்துவிட்டதே, போதும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

ஏழை நாடுகளைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு ஏழை நாட்டுக்காரன் போக முடியாத கூத்து நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2022இல் மாண்ட்ரியலில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்த பலருக்குக் கனடா விசா கிடைக்கவில்லை, அது பெரிய சர்ச்சையானது. மாநாட்டு இடம் எங்கே என்பதைப் பார்த்து விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எச்.டி.சி.ஏ. மாநாடு 2017இல் கேப்டவுன், 2018இல் புவனோஸ் ஐரிஸ், 2024இல் கொல்கத்தா என்று சுற்றியிருக்கிறது. வைடர் 2019இல் பாங்காக்கில் ஒரு மாநாடு நடத்தியது. காத்மாண்டுவில் ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் நேபாளம், இமயமலை பற்றிய சமூக அறிவியல் மாநாடு நடக்கிறது. நேபாளம் போக நமக்கு விசாவே வேண்டாம். முதல் கட்டுரையை அப்படி ஓர் இடத்தில் வாசித்துவிட்டால், அடுத்த விசா கோப்பில் போய்த் திரும்பி வந்ததற்கு ஒரு சான்று இருக்கும். ஷெங்கனில் 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு ஒரு தளர்வும் உண்டு: மூன்றாண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது பல முறை போய்வரும் இரண்டாண்டு விசாவாகக் கிடைக்க வழியிருக்கிறது.

போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றது எளிது. 15 நிமிடம் என்றால் பத்து ஸ்லைடு. பின்னணி, முன்னாய்வுகள் என்று ஏழு நிமிடம் ஓட்டினால் கண்டுபிடிப்பைச் சொல்லும் முன் தலைவர் 'இரண்டு நிமிடம்' அட்டையைத் தூக்கிவிடுவார். ஸ்லைடைப் பி.டி.எஃப். ஆகவும் பென் டிரைவில் வையுங்கள்; அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரியும். பதிவுப் படிவத்தில் சைவம் என்று டிக் செய்யாவிட்டால் மதியம் ரொட்டியும் இலையும்தான்.

அழைத்தவர் செலவைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தால், முடிந்தவரை டிக்கெட்டை அவர்களையே நேரடியாக எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் போர்டிங் பாஸ் ஒவ்வொன்றையும், ரயில், பஸ் ரசீது உட்பட, பத்திரப்படுத்துங்கள். போனில் இருக்கும் பாஸ் பயணம் முடிந்ததும் மறைந்துவிடலாம், அன்றே படமெடுத்து வையுங்கள். திருப்பித் தரும் படிவம் ஐபேன் எண் (ஐரோப்பாவில் வழங்கும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்கும். இந்தியக் கணக்குகளுக்கு ஐபேன் கிடையாது, அதைக் காலியாக விட்டு ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு உள்ள அடையாளக் குறியீடு), கணக்கு எண், கிளை முகவரி கொடுக்க வேண்டும். ஊர்ப்பக்கத்துக் கிளைகளுக்குப் பெரும்பாலும் ஸ்விஃப்ட் கோடு இருக்காது. வங்கியில் கேட்டு, எந்தப் பெரிய கிளை வழியாகப் பணம் வரும் என்று தெரிந்துகொண்டு அந்தக் கோடைப் போடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைத்த கோடைப் போட்டால் பணம் நடுவழியில் நின்று, கட்டணம் கழித்துக்கொண்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். சரியாக வந்தாலும் இடையில் உள்ள வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்; அனுப்பும் கட்டணம் முழுவதையும் தாங்களே ஏற்கும் வகையில் அனுப்பச் சொல்லி முன்பே கேளுங்கள். பணம் வந்ததும் எதற்கான தொகை என்று வங்கி நோக்கக் குறியீடு கேட்கும், அப்போது அழைப்புக் கடிதத்தின் நகல் மறுபடி தேவைப்படும்.